விளக்கின் அடியில் இருட்டு: டிஃபனி விளக்கும் அதில் இல்லாத ஒரு பெயரும்

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் சேல் நடந்தது. வீட்டுப் பெரியவர் இறந்துபோனாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ, வீட்டில் இருக்கிற சாமான் அத்தனைக்கும் விலைச்சீட்டு ஒட்டி, வாசல் கதவைத் திறந்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் விற்றுத் தீர்ப்பார்கள். அங்கே சாப்பாட்டு அறை மூலையில் ஒரு மேசை விளக்கு. பச்சையும் தேன் நிறமுமாகக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்த ஷேட், அதன் விளிம்பைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் தட்டான்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கண். சாய்த்துப் பார்த்தால் அடியில் ‘டிஃபனி ஸ்டூடியோஸ் நியூயார்க்’ என்று முத்திரை. 650 டாலர் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த துணியை ஓரத்தில் பிரித்து, கத்தி முனையால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அசல் டிஃபனி விளக்கு மாதிரி வெண்கலமாக இருந்தால் மஞ்சள் கலந்த சிவப்பு தெரிய வேண்டும்; இது துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே பழுப்பு நிறம் பூசிய பொருள். விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா இல்லையா, சொல்ல முடியாது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பணம் போனது ஒரு பக்கம். அதைவிட, முத்திரையைப் பார்த்தவுடன் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன் என்பதுதான் உறுத்தியது.

சரி, அசல் தட்டான் விளக்கு எப்படி இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் போனவன் போய்ச் சேர்ந்தது வேறு ஒரு கேள்வியில்: அந்தத் தட்டானை முதலில் வரைந்தது யார்? டிஃபனி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரைந்தவர் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் டால்மேட்ஜ் என்ற ஊரில் 1861-ல் பிறந்தவர். உலகத்தின் மிகப் பிரபலமான விளக்குகளில் பலவற்றை வடிவமைத்தவர் அவர்தான் என்பது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யார் நினைவிலும் இல்லை. அது எப்படி நடந்தது, எப்படி வெளியே வந்தது, சேகரிப்பவர்களாகிய நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிஃபனி யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் குழம்புகிறார்கள். நகைக்கடை வைத்திருந்தவர் அப்பா, சார்லஸ் லூயிஸ் டிஃபனி. விளக்கு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் மகன் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி (1848–1933) தனியாக நடத்திய நிறுவனம். 1893-ல் நியூயார்க் குயின்ஸ் பகுதியில் உள்ள கொரோனா என்ற இடத்தில் கண்ணாடி உலை தொடங்கினார். 1894-ல் தன் கண்ணாடிக்கு ‘ஃபாவ்ரில்’ என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிந்தார். கண்ணாடிமேல் வண்ணம் தீட்டுவதை முடிந்தவரை தவிர்த்து, கண்ணாடிக்குள்ளேயே நிறத்தையும் சுருக்கத்தையும் புள்ளியையும் உருவாக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்த விளக்குகளே இல்லை. அதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

காலம் மாறி அந்த அலங்காரம் பழசாகிவிட்டது. 1932-ல் நிறுவனம் திவாலானது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த விளக்குகள் யாருக்கும் வேண்டாத சாமான். 1935-ல் எகான் நியூஸ்டாட் என்ற பல் மருத்துவரும் அவர் மனைவி ஹில்டகார்டும் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் ஒரு பழைய சாமான் கடையில் டாஃபடில் பூப் போட்ட டிஃபனி விளக்கை 12 டாலர் 50 சென்டுக்கு வாங்கினார்கள். புதுக் குடித்தனத்துக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். பிறகு ஐம்பது ஆண்டுகள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். விளக்குகள் மட்டுமல்ல, நிறுவனம் மூடியபோது மிஞ்சிய கண்ணாடித் தகடுகளும் துண்டுகளும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் அவர் கைக்கு வந்தன. 1984-ல் 132 விளக்குகளை நியூயார்க் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்தார். ஒரு சேகரிப்பாளருக்கு இதைவிட நல்ல கதை கிடையாது. ஆனால் அந்த 132 விளக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, அவற்றின் வடிவமைப்பு எல்லாம் லூயிஸ் டிஃபனியின் புகழில்தான் சேர்ந்திருந்தது. வேறு யாரையும் சொல்ல அடியில் ஒரு எழுத்துகூட இல்லை.

கடிதங்கள் வந்த கதை இனிமேல்தான்.

2005 வாக்கில் கலை வரலாற்றாசிரியர் மார்ட்டின் ஐடெல்பெர்க், ஆய்வாளர் நினா கிரே, நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் காப்பாளர் மார்கரெட் ஹோஃபர் ஆகிய மூவருக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்த கடிதக் கட்டுகள் பற்றித் தெரியவந்தது. ஒரு பகுதி ஒஹாயோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தில், இன்னொரு பகுதி குயின்ஸ் வரலாற்றுச் சங்கத்தில். இரண்டும் ஒரே கையெழுத்து. கிளாரா தன் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் எழுதியவை. வீட்டில் ஒருவர் படித்து அடுத்தவருக்கு அனுப்ப, அவர் படித்து அடுத்தவருக்கு அனுப்ப என்று சுற்றுக்கு விடும் கடிதங்கள். அதனால்தான் பத்திரமாகவும் இருந்தன, விவரமாகவும் இருந்தன: வேலைக்குச் சைக்கிளில் போனது, விடுதிச் சாப்பாடு, எந்த விளக்குக்கு எந்தப் பூவை எடுத்தேன், முதலாளி என்ன சொன்னார், செலவைக் குறைக்கச் சொல்லி நிர்வாகிகள் எப்படி நெருக்கினார்கள் என்று எல்லாம்.

இந்தக் கடிதங்களிலிருந்துதான் விஸ்டீரியா பூக்கொத்து, தட்டான், பியோனிப் பூ என்று நாம் போற்றும் விளக்குகள் கிளாராவின் யோசனை என்பது உறுதியானது. வண்ணத்துப்பூச்சி விளக்கும் அவருடையதே. ஆய்வாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட விளக்குகளை அவரோடு சேர்க்கிறார்கள். 2007 பிப்ரவரியில் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் கிளாராவையும் அவருடைய சக பெண்களையும் முன்வைத்து ஒரு கண்காட்சியே நடத்தியது. அதே விளக்குகள், அதே கட்டடம். பக்கத்தில் இருக்கும் பெயர் அட்டை மட்டும் வேறு.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. கிளாராவின் பெயர் அவர் காலத்தில் பரம ரகசியமாக இருக்கவில்லை. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தட்டான் விளக்குக்காக அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 1904-ல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்று அதிகம் சம்பாதிக்கும் பெண்களில் ஒருவராக அவரைக் குறிப்பிட்டு, ஆண்டுக்கு 10,000 டாலர் என்று எழுதியது. (கடிதங்களில் தெரிகிற சம்பளம் வாரத்துக்கு 35 டாலர். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,820 டாலர்தான் வருகிறது. செய்தித்தாளில் வந்த எண் என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது.) ஆக, அச்சில் பெயர் இருந்தது, பதக்கப் பட்டியலில் பெயர் இருந்தது, பொருளின்மேல் இல்லை. செய்தித்தாள் மறுநாள் குப்பைக்குப் போகும். பொருள் நூறு ஆண்டு நிற்கும். நிற்கும் பொருளில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் மிஞ்சியது.

பெயர் இல்லாமல் போனதற்கு வேலை நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1892-ல் கண்ணாடி வேலை செய்யும் ஆண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டிய வேலை தலைக்குமேல் நின்றது. டிஃபனி கலைப்பள்ளிகளில் படித்த பெண்களை எடுத்து, பெண்கள் கண்ணாடி வெட்டும் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, கிளாராவைத் தலைமை தாங்க வைத்தார். ஆறு பேரில் தொடங்கிய பிரிவு இரண்டு ஆண்டுக்குள் 35 பேருக்கு வளர்ந்தது. நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பெண்களுக்குக் கண் கூர்மை என்பது டிஃபனியின் எண்ணம்.

ஆனால் கல்யாணம் நிச்சயமானால் அந்தப் பெண் வேலையை விட்டுப் போக வேண்டும், இதுதான் விதி. கிளாராவின் வாழ்க்கையையே இந்த விதி துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது. 1888-ல் சேர்ந்தார், அடுத்த ஆண்டே கல்யாணமாகி விலகினார். கணவர் 1892-ல் இறந்தபின் திரும்பி வந்தார். மறுபடி ஒரு நிச்சயதார்த்தம், மறுபடி விலகல். அந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே காணாமல் போய்விட, மறுபடியும் வேலைக்கு வந்தார். நாம் ஏலத்தில் பார்த்து மலைக்கும் விளக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வரவில் உருவானவை. 1909-ல் மறுமணம் செய்துகொண்டு நிரந்தரமாக விலகினார். 1944-ல் இறந்தார்.

1903-ல் இன்னொரு சண்டை. ஆண்களின் சங்கம், பெண்கள் ஜன்னல் வேலை செய்யக் கூடாது என்று வேலைநிறுத்தம் செய்வதாக மிரட்டியது. அந்தச் சங்கத்தில் பெண்கள் சேரவும் முடியாது. கடைசியில் பெண்கள் பிரிவில் 27 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சமரசம் ஆனது. திறமையைப் பார்த்துப் போட்ட வரம்பு இல்லை இது, பயத்தில் போட்டது. எனக்கு இதைப் படிக்கும்போது கோபம்தான் வந்தது.

சரி, ஒரு ஷேட் எப்படி உருவாகிறது? வெறுமே ‘வடிவமைத்தார்’ என்று சொன்னால் பாதிதான் புரியும். முதலில் பிளாஸ்டர் அச்சின்மேல் வண்ணத்தில் வரைந்து பார்ப்பார்கள், டிஃபனி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு இதழுக்கும் இலைக்கும் தனித்தனி வார்ப்புரு. அதிகம் விற்கும் வடிவத்துக்குப் பித்தளையில் வெட்டி வைப்பார்கள், ஏனென்றால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் விளிம்பு தேயாது. பிறகு கண்ணாடித் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இந்த இதழின் நுனி கொஞ்சம் வெளிறி அடி கருத்து இருக்க வேண்டும் என்றால் அப்படி இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே வார்ப்புருவை வைத்து வெட்ட வேண்டும். விளக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றுவார்கள். அந்தத் துண்டுகளை மர அச்சின்மேல் அடுக்கி ஈயமும் தகரமும் கலந்த பற்றை உருக்கி இணைக்கிற வேலையை ஆண்கள் செய்தார்கள். தேவாலய ஜன்னல்களில் வரும் தடித்த ஈயப் பட்டைக்குப் பதில் இந்த மெல்லிய செம்பு நாடா வந்ததால்தான் விரல் நகம் அளவுத் துண்டுகளைக்கூட வளைவில் இணைக்க முடிந்தது. ஒரு விஸ்டீரியா ஷேடில் ஏறக்குறைய 2,000 துண்டு. 1906 விலைப்பட்டியலில் அதன் விலை 400 டாலர். கிளாராவின் வாரச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள், பதினொரு வாரத்துக்கு மேல் உழைத்தால்தான் தான் வடிவமைத்த விளக்கைத் தானே வாங்க முடியும்.

ஆக ஒரு விளக்கில் எத்தனை கை? கண்ணாடி உருக்கியவர் ஒருவர், வடிவம் யோசித்தவர் ஒருவர், ஒப்புக்கொண்ட முதலாளி ஒருவர், கண்ணாடி தேர்ந்தெடுத்தவர் ஒருவர், பற்றவைத்தவர் ஒருவர், வெண்கலம் வார்த்தவர் ஒருவர். முத்திரை ஒன்றே ஒன்று.

இப்போது மட்பாண்டத்தின் பக்கம் வருகிறேன், இந்த ஒப்பீடுதான் எனக்குக் கண் திறந்தது. என்னிடம் ரூக்வுட் ஜாடி ஒன்று இருக்கிறது, 140 டாலருக்கு வாங்கியது. ரூக்வுட் என்பது 1880-ல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்ற பெண் இதே ஒஹாயோவின் சின்சினாட்டியில் தொடங்கிய பாண்டக் கூடம். அந்த ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஜாதகமே இருக்கிறது. திரும்பி நிற்கும் ‘ஆர்’, அதோடு ஒட்டிய ‘பி’. இந்தக் குறி 1886-ல் வந்தது. 1887-லிருந்து ஆண்டுக்கு ஒன்றாகத் தீச்சுடர்களை அதைச் சுற்றிச் சேர்த்தார்கள், 1900-ல் பதினான்கு சுடர். அதற்குப் பிறகு சுடரைக் கூட்டாமல் கீழே ரோமன் எண்ணில் ஆண்டு. என் ஜாடியில் பதினான்கு சுடரும் கீழே ரோமன் நான்கும், அதாவது 1904. பக்கத்தில் வடிவ எண், அளவுக்கு ஒரு எழுத்து, அப்புறம் ஓரமாகக் கூர்முனையால் கீறிய இரண்டு எழுத்துகள். ஓவியம் தீட்டியவரின் பெயர் முதலெழுத்துகள் அவை. ரூக்வுட்டில் பல ஆண்டுகள் வேலை செய்த ஜப்பானிய ஓவியர் கட்டாரோ ஷிராயமதானி தன் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே கீறியிருக்கிறார், அதையும் அந்த நிறுவனம் அனுமதித்தது. (என் ஜாடியில் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் வெட்டப்பட்டிருக்கிறது. சூளையில் ஏதாவது குறை வந்துவிட்டால் இரண்டாம் தரம் என்று தள்ளிப் போடும் அடையாளம் அது. என்னுடையதில் பூச்சில் சின்னக் குமிழிகள். விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான், எனக்கு அதில் வருத்தமே இல்லை.)

பாஸ்டனில் வில்லியம் க்ரூபி 1894-ல் தொடங்கிய பாண்ட நிறுவனம் இன்னும் நெருங்கிய உதாரணம். பாண்டத்தின்மேல் பூசிச் சூளையில் சுடும் அவருடைய பச்சை மெருகு, பூசணித் தோல் மாதிரி பளபளப்பு இல்லாத ஆழமான பச்சை. அந்தக் காலத்தில் பாண்டத்தின் பளபளப்பைக் குறைக்க அமிலத்தில் நனைப்பார்கள் அல்லது மணலைப் பீய்ச்சித் தேய்ப்பார்கள். க்ரூபி மெருகின் கலவையையே மாற்றி, சூளையிலிருந்து எடுக்கும்போதே மங்கலாக வரும்படி செய்தார். ஜாடியை ஆண்கள் சக்கரத்தில் வனைவார்கள். கலைப்பள்ளிப் பெண்கள் களிமண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, ஈரம் காய்வதற்குள் அதன்மேல் ஒட்டி, இலை நரம்பு எழும்பும்படி விரலால் இழைப்பார்கள். இழைத்தவர் தன் முதலெழுத்தை அடியில் கீறுவது அங்கே வழக்கம். ரூத் எரிக்சன், வில்ஹெல்மினா போஸ்ட் போன்ற பெயர்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இந்த க்ரூபி ஜாடிகளை டிஃபனி வாங்கி விளக்குக்கு அடிப்பகுதியாக வைத்திருக்கிறார். கீழே க்ரூபியின் பச்சை மண், மேலே டிஃபனியின் கண்ணாடி. அப்படி ஒரு விளக்கைக் கற்பனை செய்து பாருங்கள். கீழ்ப்பாதியைக் கவிழ்த்தால் இலையை இழைத்த பெண்ணின் முதலெழுத்து கிடைக்கக்கூடும். மேல்பாதியில் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்த பெண்ணின் அடையாளம் எதுவுமே இல்லை. ஒரே காலம், ஒரே மாதிரி கலைப்பள்ளியில் படித்த பெண்கள், ஒரே மேசையில் நிற்கும் ஒரே விளக்கு. அந்தப் பெண்களின் திறமையில் வித்தியாசம் இல்லை. அடியில் கீற ஒரு ஆணியைக் கையில் கொடுத்த முதலாளிக்கும் கொடுக்காத முதலாளிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

‘அப்படியானால் டிஃபனி மோசக்காரரா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. நிறுவனத்தின் பெயர்தான் சரக்கு. ஆக்னஸ் நார்த்ரப் என்ற பெண்மணி அதே நிறுவனத்தில் ஜன்னல்களை வடிவமைத்தார், அவர் பெயர் வெளியே தெரிந்தும் இருந்தது. கிளாராவே கடிதங்களில் டிஃபனியை மதிப்போடுதான் எழுதுகிறார், அவர் பாராட்டினால் சந்தோஷப்படுகிறார். எல்லாப் புகழையும் டிஃபனியிடமிருந்து பிடுங்கிக் கிளாராவிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இப்போது சிலர் எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. அது ஒரு முத்திரையை எடுத்துவிட்டு இன்னொரு முத்திரையைக் குத்துவது. கிளாராவுக்கு உதவிய, அவரைப் போலவே ஒஹாயோவிலிருந்து போன ஆலிஸ் கூவி எங்கே? பெண்கள் பிரிவினர் கூரைமேல் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்தில் இருக்கும் மற்ற பெண்கள் எங்கே?

சந்தையைப் பொறுத்தவரை, பெயர் விலையைத் தொடுகிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி நேராக இல்லை. 1997 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இளஞ்சிவப்புத் தாமரை விளக்கு 28 லட்சம் டாலருக்குப் போனது, கிளாராவின் கடிதங்கள் வெளிவருவதற்கு எட்டு ஆண்டு முன்னால். அந்த உச்சத்தை 2018 டிசம்பரில்தான் ஒரு ஆம்பல் விளக்கு தாண்டியது, 33 லட்சத்துக்கு மேல். விலையைத் தீர்மானிப்பது அரிய வடிவமும் கண்ணாடித் தேர்வும்தான். 2024 நவம்பரில் சோத்பீஸ் ஏலத்தில் டிஃபனி ஜன்னல் ஒன்று ஒரு கோடியே 24 லட்சம் டாலரைத் தாண்டியது. ஒஹாயோவின் கேன்டன் நகரத் தேவாலயம் ஒன்றுக்காக 1913-ல் செய்தது. அதை ஏலத்துக்கு வைத்தபோது டிஃபனி என்ற பெயரோடு ஆக்னஸ் நார்த்ரப் என்ற பெயரையும் முன்னால் வைத்தே விற்றார்கள். எனக்கு இது நல்ல மாற்றம்.

நம்மைப் போன்றவர்கள் லட்சக்கணக்கில் வாங்கப் போவதில்லை. ஆனால் 650 டாலரை இழக்க முடியும். அதனால் நான் இப்போது என்ன வரிசையில் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்: முத்திரையைக் கடைசியில். விளக்கை அணைத்துவிட்டு முதலில் கண்ணாடியைப் பார்ப்பேன், அப்புறம் ஏற்றிவிட்டுப் பார்ப்பேன். நல்ல கண்ணாடி அணைந்திருக்கும்போது அமைதியாகவும், ஏற்றியதும் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு விதமாகவும் பேசும். போலியில் எல்லா இலையும் ஒரே பச்சை, ஒரே தகட்டிலிருந்து வரிசையாக வெட்டியது தெரியும். ஷேடை விரல் நுனியால் மிக மெல்லத் தட்டினால் பழைய விளக்கில் சில துண்டுகள் லேசாகக் கடகடக்கும். நூறு ஆண்டில் செம்பு நாடாவின் பிடி தளர்ந்திருக்கும். அங்கங்கே மயிரிழை விரிசல் இருப்பதும் இயல்புதான், ஒரு விரிசல்கூட இல்லாத நூற்றாண்டு ஷேடைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். தட்டான் விளக்கில் இறக்கைகளின்மேல் வலை மாதிரி துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அதன் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா, மொத்தையாக அச்சடித்த மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடிப்பகுதியைத் தூக்கிப் பாருங்கள், வெண்கலம் கைக்குக் கனமாகத் தெரியும். துத்தநாகத்தையும் காந்தம் இழுக்காது, வெண்கலத்தையும் இழுக்காது, அதனால் காந்தச் சோதனை இங்கே உதவாது. வெளியே தெரியாத இடத்தில் ஒரு சின்னச் சுரண்டல்தான் வழி, அதுவும் உரிமையாளர் அனுமதித்தால். இவ்வளவுக்கும் பிறகு முத்திரை. முத்திரையை யாரும் குத்திவிடலாம்.

இன்னொன்று. வாங்கிய விளக்கைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பழக்கம், பித்தளை என்றால் புளி போட்டுத் துலக்குவது. இந்த வெண்கலத்தின் பழுப்புப் பச்சைக் களிம்பு பெரும்பாலும் செய்தபோதே ரசாயனத்தில் வேண்டுமென்று கொண்டுவந்த நிறம். அதைத் துலக்கினால் விளக்கின் பாதி மதிப்பு சாக்கடையில் போய்விடும். துணி சுற்றிய பழைய மின்கம்பி இருந்தால் ஏற்றிப் பார்க்காமல் முதலில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பழைய சாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பற்றில் ஈயம் இருப்பதால் ஷேடைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதை மறக்கவே கூடாது.

நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் 2017-ல் இந்த விளக்குகளுக்கென்றே ஒரு தளம் திறந்தார்கள், இருட்டான அறையில் நூறு விளக்குகள் எரிகின்றன. போன வருடம் போயிருந்தேன். அங்கே நின்றுகொண்டிருந்தபோது புரிந்த விஷயம், ஒரே வடிவத்தில் செய்த இரண்டு விளக்குகள் ஒன்றுபோல இருப்பதில்லை. கோடு ஒன்றுதான், வார்ப்புரு ஒன்றுதான். ஆனால் ஒருத்தி இதழுக்கு விடிகாலை நிறத்தைத் தேர்ந்தெடுத்திருப்பாள், இன்னொருத்தி சாயங்கால நிறத்தை. கோடு யாருடையது என்று கிளாராவின் கடிதங்கள் சொல்லிவிட்டன. இந்தக் குறிப்பிட்ட இதழுக்கு இந்தக் கண்ணாடி என்று முடிவு செய்தது யார் என்பதை எந்தக் கடிதமும் விளக்கு விளக்காகச் சொல்லவில்லை. ஏலத்தில் ஒரு விஸ்டீரியாவுக்கும் இன்னொரு விஸ்டீரியாவுக்கும் நடுவில் இருக்கும் விலை வித்தியாசத்தை உண்டாக்கியது அந்தத் தெரியாத கண்தான்.

ஊருக்குத் திரும்பியதும் என்னிடம் இருக்கும் பொருட்களுக்கெல்லாம் புது அட்டை எழுதினேன். பழைய அட்டையில் நிறுவனம், ஆண்டு, விலை என்று மூன்று வரிதான் இருந்தது. இப்போது நிறுவனம் ஒரு வரி, வடிவம் யாருடையது என்று ஒரு வரி, கை யாருடையது என்று ஒரு வரி. ரூக்வுட் ஜாடிக்கு மூன்றாவது வரியில் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்து எழுதிவிட்டேன். அந்தப் போலித் தட்டான் விளக்கை விற்கவில்லை, வரவேற்பறையில்தான் எரிகிறது. அதற்கும் அட்டை எழுதினேன். நிறுவனம்: டிஃபனி அல்ல. வடிவம்: கிளாரா டிரிஸ்காலின் தட்டானைப் பார்த்துச் செய்தது. மூன்றாவது வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றியிருக்கிறார்.